உள்ளூர்ச் செய்தியறையில் கறுப்பினப் பத்திரிகையாளர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் முழுக்க அமெரிக்காவைப் பற்றியது. அங்கே உள்ளூர்ப் பத்திரிகை, உள்ளூர் டிவி, உள்ளூர் இணையதளம் ஆகியவற்றில் வேலை பார்க்கும் கறுப்பின நிருபர்களையும் ஆசிரியர்களையும் பற்றி நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இந்தக் கேள்விகள். சிலவற்றுக்கு நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன், சிலவற்றுக்கு அந்த அளவு பதில் தேவைப்படவில்லை.

டிவியைத் திறந்தால் கறுப்பின முகங்கள் நிறையத் தெரிகின்றன. இன்னும் இது ஒரு பிரச்சினையா?

டிவியில் தெரியும் முகங்களை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். பியூ ஆய்வு மையம் 2022இல் ஏறக்குறைய 12,000 அமெரிக்கப் பத்திரிகையாளர்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. அதில் 76 சதவீதம் பேர் வெள்ளையர், 8 சதவீதம் ஹிஸ்பானியர், 6 சதவீதம் கறுப்பினத்தவர், 3 சதவீதம் ஆசியர். நாட்டு மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 13, 14 சதவீதம் இருக்கிறார்கள், அதாவது பாதிகூட எட்டவில்லை. சமூகப் பிரச்சினைகளை எழுதும் நிருபர்களை மட்டும் தனியாக எடுத்தால் கறுப்பினத்தவர் பங்கு 15 சதவீதம் என்று அதே ஆய்வு சொல்கிறது. இனப் பிரச்சினை என்றால் 'நீங்கள் எழுதுங்கள்' என்கிறார்கள், பட்ஜெட் என்றாலோ பங்குச்சந்தை என்றாலோ அந்த மேசைக்கு வேறு ஆள் இருக்கிறார்.

காமிராவுக்கு முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது காலை ஆசிரியர் கூட்டம். இன்று எது செய்தி, எது முதல் பக்கம், எந்தப் படம், எந்தத் தலைப்பு என்று முடிவெடுக்கும் அந்த அறையில் யார் இருக்கிறார், அவர் 'இது வேண்டாம்' என்று சொன்னால் அந்தச் சொல் நிற்குமா?

ஏன் உள்ளூர்ச் செய்தியை மட்டும் பிடித்துக்கொள்கிறீர்கள்?

போலீஸ், பள்ளி வாரியம், வீட்டு வாடகை நீதிமன்றம், ஆஸ்பத்திரிக் கட்டணம், தண்ணீர்க் குழாய் என்று ஒரு மனிதனின் அன்றாடத்தைத் தொடுகிற அதிகாரம் எல்லாம் உள்ளூரில்தான் இருக்கிறது. அதைக் கவனிக்க ஆள் இல்லாவிட்டால், அதிகாரி எழுதித் தருவதே செய்தியாகிவிடும்.

2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பின மனிதர் இறந்த இரவு போலீஸ் தந்த முதல் குறிப்பை நினைத்துப் பாருங்கள். போலீஸ் நடவடிக்கையின்போது ஏற்பட்ட உடல்நலக் கோளாறால் ஒருவர் இறந்தார் என்பதுதான் அதன் சாரம். போலீஸ்காரர் ஒருவர் அவர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தியதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. டார்னெல்லா ஃப்ரேசியர் என்ற 17 வயதுப் பெண் தன் போனில் வீடியோ எடுத்திராவிட்டால் அந்தக் குறிப்போடு கதை முடிந்திருக்கும் (அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் உயர்ந்த விருதான புலிட்சரின் சிறப்புப் பாராட்டை அவருக்கு 2021இல் கொடுத்தார்கள்). போலீஸ் குறிப்பை அப்படியே தட்டச்சு செய்து போடும் பழக்கம் மினியாபொலிஸுக்கு மட்டும் உரியதல்ல. ஆள் குறையக் குறைய அது கூடிக்கொண்டேதான் போகும். 2005க்குப் பிறகு அமெரிக்காவில் 3,000க்கும் மேற்பட்ட பத்திரிகைகள் மூடப்பட்டுவிட்டன, பெரும்பாலும் வாரப் பத்திரிகைகள்.

கறுப்பினத்தவருக்கு என்று சொந்தப் பத்திரிகைகள் முன்பு இருந்ததில்லையா?

இருந்தன, நிறையவே இருந்தன. 1827 மார்ச் 16 அன்று நியூயார்க்கில் சாமுவேல் கார்னிஷும் ஜான் ரஸ்வர்மும் 'ஃப்ரீடம்ஸ் ஜர்னல்' தொடங்கினார்கள். எங்கள் வழக்கை நாங்களே வாதாட விரும்புகிறோம், நெடுங்காலமாக மற்றவர்கள் எங்களுக்காகப் பேசிவிட்டார்கள் என்பதுதான் முதல் இதழில் அவர்கள் சொன்னது. 1892இல் பால்டிமோரில் 'ஆஃப்ரோ-அமெரிக்கன்' பிறந்தது. முன்பு அடிமையாக இருந்த ஜான் மர்ஃபி அதை வாங்க, அவர் மனைவி மார்த்தா 200 டாலர் கொடுத்தார். அந்தப் பத்திரிகை இன்றும் வருகிறது. 1905இல் ராபர்ட் அபாட் தொடங்கிய 'சிகாகோ டிஃபெண்டர்' தெற்கு மாநிலங்களுக்குள் போனதே ரயில் ஊழியர்கள் கையில்தான். புல்மன் ரயில் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்கள் கட்டுக்கட்டாக எடுத்துப்போய் ஊர் ஊராக இறக்கினார்கள். தெற்கிலிருந்து லட்சக்கணக்கானோர் வடக்கே குடிபெயர்ந்ததில் அந்தப் பத்திரிகைக்குப் பெரிய பங்கு உண்டு. 2019இல் அது அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மட்டும் போனது.

இந்தப் பத்திரிகைகளுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். மெம்ஃபிஸில் 1892இல் மளிகைக் கடை நடத்தியவர் உட்பட மூன்று கறுப்பின ஆண்களை ஒரு கும்பல் கொன்றது. அதைப் பற்றி ஐடா பி. வெல்ஸ் எழுதினார். அவர் ஊரில் இல்லாத நேரத்தில் அவருடைய பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள், அதன்பின் அவரால் ஊர் திரும்பவே முடியவில்லை. 1898இல் வட கரோலைனாவின் வில்மிங்டனில் வெள்ளையர் கும்பல் கறுப்பினத்தவரைத் தாக்கியபோது அலெக்ஸ் மேன்லியின் 'டெய்லி ரெக்கார்டு' எரிக்கப்பட்டது. 1921இல் டல்சாவில் நடந்த அதுபோன்ற தாக்குதலில் ஸ்மிதர்மன் நடத்திய 'டல்சா ஸ்டார்' சாம்பலானது. இதில் இன்னொன்றும் இருக்கிறது. வில்மிங்டனில் வெறியை ஊட்டி வளர்த்தது ராலே நகரின் வெள்ளையர் பத்திரிகை 'நியூஸ் அண்ட் அப்சர்வர்', டல்சாவில் அந்த வேலையைச் செய்தது 'டல்சா ட்ரிப்யூன்'. ஆக, உள்ளூர்ப் பத்திரிகைகள் வெளியே நின்று வேடிக்கை பார்க்கவில்லை. வெல்ஸுக்கு 2020இல் புலிட்சர் சிறப்புப் பாராட்டு கொடுத்தார்கள். அவர் இறந்து 89 வருஷம் ஆகியிருந்தது.

பெரிய பத்திரிகைகள் கறுப்பின நிருபர்களை எப்போது சேர்க்க ஆரம்பித்தன?

நெருப்புப் பிடித்த பிறகு. 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் கலவரம் வெடித்தபோது 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' செய்திப் பிரிவில் ஒரு கறுப்பின நிருபர்கூட இல்லை. வெள்ளை நிருபர்களால் உள்ளே போக முடியவில்லை. விளம்பரப் பிரிவில் ராபர்ட் ரிச்சர்ட்சன் என்று 24 வயதுப் பையன் ஒருவர் வேலை பார்த்தார், அவரை அனுப்பினார்கள். அவர் தெருவோரத் தொலைபேசிக் கூண்டுகளிலிருந்து பார்த்ததைச் சொல்லச் சொல்ல அலுவலகத்தில் எழுதிக்கொண்டார்கள். அந்தக் கலவரச் செய்திகளுக்காக அடுத்த ஆண்டு பத்திரிகைக்குப் புலிட்சர் கிடைத்தது. ரிச்சர்ட்சனையும் நிருபராக்கினார்கள், ஆனால் அவர் அங்கே நெடுநாள் நிலைக்கவில்லை. ஆபத்து நேரத்தில் உள்ளே கூப்பிட்டதும், கூப்பிட்ட ஆளை வளர்க்கத் தெரியாமல் விட்டதும் ஒரே ஆண்டுக்குள் நடந்து முடிந்துவிட்டன. பிறகு அறுபது வருஷமாக நடப்பதும் ஏறக்குறைய இதுதான் என்பது என் எண்ணம்.

1967இல் நகரம் நகரமாகக் கலவரம் நடந்த பிறகு அதிபர் லிண்டன் ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணையம் 1968இல் அறிக்கை தந்தது. ஊடகத்துக்கு என்றே அதில் ஒரு தனி அத்தியாயம் உண்டு. செய்தி ஆசிரியப் பணிகளில் கறுப்பினத்தவர் 5 சதவீதத்துக்கும் குறைவு, ஆசிரியர், மேற்பார்வையாளர் நிலையில் 1 சதவீதம்கூட இல்லை, அந்தக் கொஞ்சம் பேரிலும் பெரும்பாலோர் கறுப்பினப் பத்திரிகைகளிலேயே இருக்கிறார்கள் என்று அது கணக்குச் சொன்னது. பத்திரிகைகள் உலகத்தை வெள்ளையர் கண்ணால் மட்டுமே பார்க்கின்றன என்று இவ்வளவு வெளிப்படையாக ஓர் அரசு ஆவணம் சொன்னது அநேகமாக அதுதான் முதல் தடவை.

அப்புறம் இலக்கு வைத்தார்களே, அது என்ன ஆயிற்று?

1978இல் அமெரிக்க நாளிதழ் ஆசிரியர்கள் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. நாட்டில் சிறுபான்மையினர் எத்தனை சதவீதமோ, 2000ஆம் ஆண்டுக்குள் செய்தியறையிலும் அத்தனை சதவீதம். அப்போது செய்தியறையில் எல்லாச் சிறுபான்மையினரும் சேர்ந்தே 4 சதவீதம்தான். 2000 வந்தபோது ஏறக்குறைய 12 சதவீதம், நாட்டிலோ 30ஐ ஒட்டி. அங்கே வந்துசேர மாட்டோம் என்று முன்கூட்டியே தெரிந்ததால் 1998இலேயே இலக்கை 2025க்குத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

2025க்குள் நடந்தது இன்னும் விசித்திரம். ஆண்டுதோறும் எடுத்த கணக்கெடுப்புக்குப் பதில் சொல்லும் பத்திரிகைகள் குறைந்துகொண்டே வந்தன, 2018இல் பதில் தந்தவை 17 சதவீதம். சங்கம் வேறொன்றோடு இணைந்து பெயர் மாறி, கடைசியில் 2024இல் கலைந்தே போனது. இலக்கை அடையவில்லை என்று அறிவிக்கக்கூட ஆள் மிஞ்சவில்லை.

'தகுதியான ஆள் கிடைக்கவில்லை' என்கிறார்களே?

இதைக் கேட்டால் எனக்குப் பொறுமை போய்விடும். கறுப்பினப் பத்திரிகையாளர்களின் தேசியச் சங்கம் 1975 டிசம்பரில் வாஷிங்டனில் 44 பேர் கூடித் தொடங்கியது. அதன் ஆண்டு மாநாட்டில் வேலைவாய்ப்புச் சந்தையே நடக்கிறது, விண்ணப்பத்தோடு ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். ஹவர்ட், ஹாம்ப்டன், ஃபுளோரிடா ஏ அண்ட் எம், மார்கன் ஸ்டேட் என்று கறுப்பினக் கல்லூரிகளில் இதழியல் துறைகள் இருக்கின்றன. ராபர்ட் மேனார்டும் நண்பர்களும் 1977லேயே பயிற்சி நிறுவனம் தொடங்கினார்கள். மேனார்டு பிறகு 1983இல் 'ஓக்லண்ட் ட்ரிப்யூன்' பத்திரிகையை வாங்கினார். பெருநகர நாளிதழ் ஒன்றுக்கு உரிமையாளரான முதல் கறுப்பினத்தவர் அவர்.

ஆள் இருக்கிறார். வாசலில்தான் சிக்கல். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பை யார் செய்ய முடியும்? மூன்று மாதம் வாடகை கட்ட அப்பா அம்மா இருக்கிற பிள்ளைதான். சிறிய ஊர்ப் பத்திரிகையில் ஆரம்பச் சம்பளம் கல்விக் கடன் தவணைக்கே போய்விடும், அதற்கு மேல் சொந்தமாகக் கார் வைத்திருக்க வேண்டும். குடும்பச் சேமிப்பு என்று வந்தாலே வெள்ளைக் குடும்பங்களுக்கும் கறுப்பினக் குடும்பங்களுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கும் நாட்டில், இப்படி ஒரு வாசலை வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்பது நியாயமா?

சரி, வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஏன் விட்டுப் போகிறார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். சேர்ப்பதில் காட்டும் அக்கறையில் பாதியைத் தக்கவைப்பதில் காட்டியிருந்தால் 1978இன் இலக்கு என்றைக்கோ முடிந்திருக்கும்.

முதலில் சம்பளம். 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' நிறுவனத்தில் கறுப்பின, லத்தீன், பெண் பத்திரிகையாளர்களுக்குச் சம்பளம் குறைவாகத் தந்தார்கள் என்று ஒரு வழக்கு வந்தது. 2020இல் 30 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. இது புதிது அல்ல, 1972லேயே 'வாஷிங்டன் போஸ்ட்' கறுப்பின நிருபர்கள் ஏழு பேர் வேலையில் பாகுபாடு என்று சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் புகார் கொடுத்தார்கள்.

அடுத்து நம்பிக்கை. பிட்ஸ்பர்கில் 2020 மே கடைசியில் ஃபிளாய்டு மரணத்தைக் கண்டித்துப் போராட்டம் நடந்தபோது அலெக்சிஸ் ஜான்சன் என்ற கறுப்பின நிருபர் ட்விட்டரில் சில படங்கள் போட்டார். குப்பையும் நாசமுமாகக் கிடந்த ஓர் இடம். சூறையாடியவர்கள் வேலை போல என்று பார்த்தால் அது ஒரு கன்ட்ரி பாடகரின் கச்சேரிக்கு வந்த கூட்டம் போட்டுவிட்டுப் போனது. கிண்டல்தான். அதற்காக, போராட்டச் செய்திகளை அவர் எழுதக் கூடாது என்று அவருடைய 'போஸ்ட்-கெசட்' பத்திரிகை நிர்வாகம் தடுத்துவிட்டது. ஆதரவாக நின்ற சக ஊழியர்களும் ஒதுக்கப்பட்டார்கள். அதே ஆண்டு ஜான்சன் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். சொந்த ஊர்ப் பெண், அந்த ஊர்ச் செய்தியை எழுதத் தெரிந்தவர், ஒரு ட்வீட்டால் ஊரே அவரை இழந்தது.

மூன்றாவது, கணக்கில் வராத வேலை. பன்முகத்தன்மைக் குழுவில் உட்கார வேண்டும், புதிதாக வருபவர்களுக்கு வழிகாட்ட வேண்டும், இனம் சம்பந்தப்பட்ட கட்டுரை எதுவானாலும் 'ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்களேன்' என்று வரும். இதற்குத் தனிச் சம்பளம் கிடையாது, பதவி உயர்வில் எண்ணவும் மாட்டார்கள். பெண்ணாக இருந்தால் இன்பாக்ஸில் வந்து விழும் வசை இன்னும் ஒரு பங்கு கூடுதல்.

கடைசியாக, ஆட்குறைப்பு. கடைசியில் சேர்ந்தவர் முதலில் போவார் என்பது பல தொழிற்சங்க ஒப்பந்தங்களில் உள்ள விதி, அந்த விதிக்கு அதன் நியாயமும் உண்டு. ஆனால் 2020க்குப் பிறகு அவசர அவசரமாகச் சேர்க்கப்பட்டவர்கள்தான் அந்தக் கடைசி வரிசை. 2024 ஜனவரியில் 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' 115 பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பியபோது வெள்ளையரல்லாத பத்திரிகையாளர்களுக்குத்தான் அடி அதிகம் என்று ஊழியர் சங்கமே சொன்னது. தொழிற்சங்கத்தை விரோதியாகப் பார்க்க வேண்டியதில்லை, ஒப்பந்தம் போடும் மேசையில் இந்த விஷயத்தை முன்கூட்டியே வைத்துப் பேச வேண்டும், அவ்வளவுதான்.

கறுப்பின நிருபர் கறுப்பினப் பகுதியைப் பற்றி எழுதினால் நடுநிலை இருக்குமா?

வெள்ளைக்கார நிருபர் வெள்ளைக்காரர் பகுதியைப் பற்றி எழுதும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நடுநிலை என்ற பெயரில் என்ன நடந்திருக்கிறது என்பதற்கு கான்சாஸ் சிட்டி நல்ல உதாரணம். 1977 செப்டம்பரில் அங்கே பெருவெள்ளம் வந்தது, 25 பேர் இறந்தார்கள், அதில் 8 பேர் கறுப்பினத்தவர். 'கான்சாஸ் சிட்டி ஸ்டார்' பக்கம் பக்கமாக எழுதியது வசதியானவர்கள் கடைக்குப் போகும் பிளாசா பகுதியில் ஏற்பட்ட சொத்துச் சேதத்தைப் பற்றி. யாரும் பொய் எழுதவில்லை. எழுதியவர்கள் தங்களுக்குப் பழக்கமான தெருவைப் பார்த்தார்கள், அதுதான் செய்தியாகத் தெரிந்தது. 2020 டிசம்பரில் அந்தப் பத்திரிகை தன் பழைய இதழ்களைத் தானே தோண்டி எடுத்து, ஆறு பகுதிகளாக வெளியிட்டு, முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டது. அந்த யோசனையைக் கொண்டுவந்தவர் அங்கே பல வருஷமாக வேலை பார்த்த மாரா ரோஸ் வில்லியம்ஸ் என்ற கறுப்பின நிருபர். ஓர் ஆள் உள்ளே இருந்தால் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் நான் காட்டுவேன்.

மன்னிப்பு எல்லாம் வெறும் விளம்பரம் இல்லையா?

சிலது விளம்பரம்தான். 'மாண்ட்கமரி அட்வர்டைசர்' 2018இலும் 'பால்டிமோர் சன்' 2022இலும் மன்னிப்புக் கேட்டன. பிந்தையது 2024இல் சின்க்ளேர் டிவி நிறுவனத் தலைவர் டேவிட் ஸ்மித் கைக்குப் போனது. முதலாளி மாறினால் மன்னிப்பின் ஆயுள் எவ்வளவு என்று யார் சொல்வது?

பிலடெல்பியா கொஞ்சம் வேறு மாதிரி. 2020 ஜூனில் 'இன்கொயரர்' ஒரு தலைப்புப் போட்டது. கறுப்பின உயிர்கள் முக்கியம் என்று மக்கள் எழுப்பிய முழக்கத்தையே திருப்பி, கட்டடங்களும் முக்கியம் என்று. வெள்ளையரல்லாத ஊழியர்கள் பலர் அலுத்துப்போனோம், விடுப்பு என்று எழுதிவிட்டு வேலைக்கு வரவில்லை, இரண்டொரு நாளில் செயல் ஆசிரியர் பதவி விலகினார். அதோடு நிற்காமல் டெம்பிள் பல்கலைக்கழகத்தை வைத்துத் தங்கள் செய்திகளை ஆராய்ந்து கணக்கெடுக்க வைத்தார்கள். 2022இல் பத்திரிகையின் சொந்த வரலாற்றை வெஸ்லி லோவரி என்ற வெளி ஆளை எழுதவிட்டு அப்படியே பிரசுரித்தார்கள். பிலடெல்பியாவில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் கறுப்பினத்தவர், அந்த ஊர்ப் பத்திரிகைக்கு இது பிழைப்பு விஷயமும்கூட.

நன்றாக நடந்த உதாரணம் ஒன்று சொல்லுங்கள்.

மெம்ஃபிஸ், ஐடா பி. வெல்ஸை விரட்டிய அதே ஊர். அங்குள்ள நாளிதழில் பத்தி எழுதிவந்த வெண்டி சி. தாமஸ் 2017இல் 'எம்எல்கே50' என்ற சிறிய லாபநோக்கற்ற இணையதளத்தைத் தொடங்கினார். மார்ட்டின் லூதர் கிங் (தளத்தின் பெயரில் உள்ள எம்எல்கே அவர்தான்) அந்த ஊருக்கு 1968இல் வந்தது துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக, அங்கேதான் சுடப்பட்டார். அதனால் கூலி, வறுமை, வேலை ஆகியவைதான் தளத்தின் விஷயம்.

2019இல் புரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனத்தோடு சேர்ந்து தாமஸ் வெளியிட்ட தொடரில் ஒரு விஷயம் வெளிவந்தது. மெதடிஸ்ட் லெ பான்ஹர் என்ற மருத்துவமனைக் குழுமம், தேவாலயத்தோடு தொடர்புள்ள, வரிவிலக்குப் பெற்ற நிறுவனம், ஐந்து ஆண்டுகளில் 8,300க்கும் மேற்பட்ட வழக்குகளைக் கட்டணம் கட்டாத நோயாளிகள்மேல் போட்டிருக்கிறது. அதில் அந்த ஆஸ்பத்திரியிலேயே குறைந்த கூலிக்கு வேலை பார்த்தவர்களும் உண்டு. அவர் கண்டுபிடித்தது ரகசிய ஆவணத்தில் அல்ல, எவரும் போய் உட்காரக்கூடிய நீதிமன்ற அறையில். செய்தி வந்த பிறகு மருத்துவமனை 5,300க்கும் மேற்பட்டோரின் 1 கோடியே 19 லட்சம் டாலர் கடனைத் தள்ளுபடி செய்தது, ஊழியர்களின் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக உயர்த்துவதாகவும் அறிவித்தது.

இவ்வளவுக்கும் பிறகு, நகர நிர்வாகம் பத்திரிகையாளர் மின்னஞ்சல் பட்டியலில் தன்னைச் சேர்க்க மறுக்கிறது என்று அவர் 2020இல் வழக்குப் போட வேண்டியிருந்தது. விருது கொடுக்க எல்லோரும் வருவார்கள், பட்டியலில் ஒரு முகவரி சேர்க்கத்தான் வழக்குத் தேவைப்படுகிறது.

அப்படியானால் கறுப்பினத்தவர் நடத்தும் நிறுவனங்களுக்கே உதவினால் போதுமே, பெரிய பத்திரிகைகளை ஏன் திருத்த வேண்டும்?

இரண்டும் வேண்டும். 2022இல் தொடங்கிய 'கேபிடல் பி' அட்லாண்டாவிலும் இண்டியானாவின் கேரி நகரிலும் உள்ளூர்ச் செய்தியறை நடத்துகிறது. அதே ஆண்டு 'பால்டிமோர் பீட்' 10 லட்சம் டாலர் நன்கொடையோடு கறுப்பினத் தலைமையில் மறுபடி வந்தது. பிலடெல்பியாவின் 'வேர்டு' வானொலியை நடத்தும் சாரா லோமாக்ஸும் இந்திய வம்சாவளியினரான மித்ரா கலிதாவும் சேர்ந்து 'யூஆர்எல் மீடியா' என்ற கூட்டமைப்பு நடத்துகிறார்கள். எல்லாம் நல்ல வேலைதான், ஆனால் ஊர் போலீஸ் தலைவரை நடுங்க வைக்கும் ஆள்பலம் இன்னும் பெரிய பத்திரிகைகளிடமும் டிவி நிலையங்களிடமும்தான் இருக்கிறது.

பணத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் நன்கொடையைப் பற்றியே பேசுகிறார்கள், அரசு விளம்பரத்தை மறந்துவிடுகிறார்கள். நியூயார்க் மேயர் 2019இல் போட்ட உத்தரவுப்படி, நகரத் துறைகள் தங்கள் அச்சு, இணைய விளம்பரச் செலவில் பாதியைச் சமூக, இனக்குழுப் பத்திரிகைகளுக்குக் கொடுக்க வேண்டும். அது பிறகு நகரச் சட்டமாகவும் ஆனது. புதிதாக ஒரு டாலரும் செலவில்லை, ஏற்கெனவே செலவழிக்கும் பணம் போகும் திசைதான் மாறுகிறது. எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான வழி இல்லை.

நான் ஒரு சின்னச் செய்தியறையில் ஆசிரியர். நாளைக்கே என்ன செய்யலாம்?

சம்பள அளவை வேலை விளம்பரத்திலேயே போடுங்கள். இன்டர்னுக்குக் காசு கொடுங்கள். நிருபரின் சம்பளத்தில் பாதியைத் தான் ஏற்கும் 'ரிப்போர்ட் ஃபார் அமெரிக்கா' போன்ற திட்டங்களைப் பயன்படுத்துங்கள், ஆனால் திட்டம் முடிந்த பிறகு அந்த ஆளை எப்படி வைத்துக்கொள்வது என்று முதல் நாளே யோசித்து வையுங்கள்.

அப்புறம், கடந்த மாதச் செய்திகளை எடுத்து, யாரை மேற்கோள் காட்டியிருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். கறுப்பினத்தவர் எத்தனை பேர், அதில் குற்றச் செய்திக்கு வெளியே, ஒரு டாக்டராக, கடைக்காரராக, வரி நிபுணராக எத்தனை பேர்? பெரும்பாலான ஆசிரியர்களுக்கு இந்தக் கணக்கு சங்கடமாக இருக்கும். கைதானவர்களின் படங்களை வரிசையாகப் போட்டுக் கிளிக் சேர்ப்பதை நிறுத்துங்கள், பல பத்திரிகைகள் 2020லேயே நிறுத்திவிட்டன. சின்னக் குற்றத்தில் பத்து வருஷத்துக்கு முன் பெயர் வந்த ஒருவர் வேலை கிடைக்காமல் தவித்தால் அந்தப் பழைய செய்தியை மறுபரிசீலனை செய்யக் கேட்கலாம் என்று 'பாஸ்டன் குளோப்' 2021இல் ஒரு வழி வைத்தது. அதைப் பின்பற்ற ஒரு மின்னஞ்சல் முகவரி போதும்.

எல்லாவற்றுக்கும் மேலே, யாரை அடுத்த துணை ஆசிரியராக்கப் போகிறீர்கள் என்பது. நிருபராகச் சேர்த்து நிருபராகவே வைத்திருந்தால் ஐந்து வருஷத்தில் போய்விடுவார்.

இப்போதைய சட்டச் சூழ்நிலையில் இதெல்லாம் செய்ய முடியுமா?

இனத்தைப் பார்த்து ஒருவரை வேலைக்கு எடுப்பதோ மறுப்பதோ 1964 குடிமை உரிமைகள் சட்டப்படி முன்பிருந்தே தவறுதான். இனத்தைப் பார்க்கக் கூடாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது கல்லூரிச் சேர்க்கையைப் பற்றி. ஆனால் அதற்குப் பிறகு எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. நாட்டின் பெரிய பத்திரிகைக் குழுமமான கானெட் 2020இல் பெரிய வாக்குறுதி கொடுத்தது, 2025இல் ஊழியர் பன்முகத்தன்மைக் கணக்கை வெளியிடுவதையே நிறுத்தியது. மேலே சொன்ன யோசனைகளில் ஒன்றுகூட இனத்தைப் பார்த்து ஆள் எடுக்கச் சொல்வது அல்ல என்பதைக் கவனியுங்கள். சம்பளத்தை வெளிப்படையாகச் சொல்வதையும், விளம்பரத்தைப் பரவலாகக் கொடுப்பதையும், மேற்கோள்களை எண்ணுவதையும் எந்த நீதிமன்றமும் தடுக்கவில்லை. கணக்கை மறைப்பது நிறுவனங்கள் தாமாக எடுத்த முடிவு.

தமிழில் இதைப் படிப்பதற்கு என்ன காரணம்? நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடியான தொடர்பே உண்டு. 1990களில் 'வாஷிங்டன் போஸ்ட்' டெல்லி நிருபராக இருந்த கென்னத் கூப்பர் ஒரு கறுப்பின அமெரிக்கர். ஒரு செய்திக்காகத் தலித் பத்திரிகையாளர் ஒருவரிடம் பேச வேண்டும், யாராவது தெரியுமா என்று பி. என். உனியால் என்ற இந்தியப் பத்திரிகையாளரிடம் கேட்டார். உனியால் தேடினார், அரசு அங்கீகாரம் பெற்ற பத்திரிகையாளர் பட்டியலைப் புரட்டினார், ஒருவரும் அகப்படவில்லை. முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று 1996 நவம்பரில் 'பயனியர்' நாளிதழில் எழுதினார். இந்திய ஊடகத்தில் சாதி பற்றிய பேச்சு அந்தக் கட்டுரையிலிருந்துதான் சூடுபிடித்தது. தமிழில் இரட்டைமலை சீனிவாசன் 1893இலும் அயோத்திதாசர் 1907இலும் சொந்தமாகப் பத்திரிகை நடத்தியதை நினைத்துப் பார்த்தால், நூறு ஆண்டு கழித்து டெல்லியில் ஒருவர்கூட இல்லை என்பது எவ்வளவு பெரிய சரிவு!

நான் அமெரிக்காவில் ஒரு சாதாரண வாசகர். என்னால் என்ன ஆகும்?

உங்கள் ஊரில் கறுப்பினத்தவர் நடத்தும் பத்திரிகையோ தளமோ இருந்தால் சந்தா கட்டுங்கள். சின்னத் தளத்துக்கு மாதம் ஐந்து டாலர் பெரிது, அதைவிட வருஷக்கணக்கில் நிற்காமல் வருவது பெரிது. சொந்தமாகக் கடையோ ரெஸ்டாரண்டோ வைத்திருந்தால் விளம்பரம் கொடுங்கள்.

காசு செலவில்லாத வேலை ஒன்றும் உண்டு. ஒரு நிருபர் நல்ல செய்தி எழுதியிருந்தால் அவருக்கு மட்டும் எழுதாமல் அவருடைய ஆசிரியருக்கும் எழுதுங்கள், எந்தச் செய்தி, எந்த நாள், அதனால் உங்களுக்கு என்ன தெரியவந்தது என்று இரண்டு வரி. திட்டி எழுதுபவர்கள் ஆசிரியரையும் உரிமையாளரையும் தவறாமல் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள், பாராட்டுபவர்கள்தான் நிருபரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சம்பள உயர்வு பேசும்போது அந்த இரண்டு வரியை எடுத்து மேசையில் வைக்கலாம். செய்தியில் பிழை இருந்தாலும் அதையே செய்யுங்கள், நிருபரின் பெயரையோ படத்தையோ பார்த்துத் தொனி மாறாமல்.